முன்பதிவு நேரத்தில் வந்த போன்

அன்புள்ள பிரவீன் அண்ணாவுக்கு,

ஆண்டவர் அருளால் அம்மாவும் நானும் இங்கே புத்தூரில் நலம், ராணுவப் பயிற்சி முகாமில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். அம்மா எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், அதனால் கை தானாக எழுதிவிட்டது. உண்மையில் அம்மா நலமாக இல்லை, அதற்குக் காரணம் நான்தான். அம்மா முன்னறையில் தூங்குகிறார்கள், நான் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், அவர்கள் புரண்டு படுத்தால்கூட விளக்கை அணைத்துவிடுகிறேன். உன் சைக்கிள் நன்றாக இருக்கிறது, ஸ்ரீரங்கத்தில் என் வகுப்புத் தோழி தேவதர்ஷினி வீட்டுக்குப் படிக்கப் போகும்போது காவிரிப் பாலத்து எதிர்க்காற்றில் மட்டும் செயின் கழன்றுவிடுகிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு. இதையெல்லாம் முதலில் எழுதுவது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

நீ கிளம்பும்போது புதுக் கேம் கன்சோலுக்காகச் சேர்த்த பணத்தை அம்மா கணக்கில் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாய் அல்லவா, லிசி, புக்கிங் திறந்ததும் காலியாயிடும், பக்கத்தை விட்டு வெளியே வராத, லீவுக்கு வந்து ரெண்டு பேரும் விளையாடலாம் என்று. அந்தப் புக்கிங் போன ஞாயிறு மதியம் திறந்தது. உங்களுக்கு முதல்முறையாகப் போன் பேச விடுவார்கள் என்று நீ எழுதியிருந்ததும் அதே ஞாயிறுதான். அம்மா காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தார்கள். ஸ்கூலில் ஏதோ அனுப்பச் சொன்னார்கள் என்று பொய் சொல்லி வாங்கினேன். அண்ணன் கூப்பிட்டா ஓடி வந்து குடுடி, சமையலெல்லாம் கிடக்கட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், பக்கத்தை மூடாதீர்கள் என்று திரையில் வந்தது. அப்போதுதான் போன் அடித்தது. நான் கட் செய்தேன். மறுபடியும் அடித்தது, மறுபடியும் கட் செய்தேன்.

யாரென்று தெரியாமல் செய்தேன் என்று எழுதத்தான் நினைத்தேன், அது பொய். வடக்கத்தி நம்பர் என்று தெரிந்தது, நீதான் என்றும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்சோல் புக் ஆகிவிட்டது, அண்ணா. உடனே அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டேன், யாரோ இந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார். பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். உன் அழைப்புகளைப் போனிலிருந்து அழித்துவிட்டுக் கீழே போய், ஒரு கால்கூட வரலைம்மா என்றேன்.

அம்மா மீன் குழம்பு வைத்துவிட்டுச் சாப்பிடவே இல்லை. விளக்கு வைக்கும்வரை போனை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் குறைவாக இருக்கிறதா பாரு பாப்பா என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஜங்ஷனில் உன்னை வழியனுப்பும்போது, நான் வேணாம்னு சொல்லியும் போறல்ல, போனவன் எனக்குப் போன்கூடப் பண்ணாத என்று அழுதுகொண்டே கத்தினார்களே, அதை நீ மனதில் வைத்துக்கொண்டாய் என்று நம்புகிறார்கள். உனக்கு ஒரு கடிதம் எழுதி, கவரில் போட்டு பைபிளுக்குள் வைத்திருக்கிறார்கள், நாளைக்குத் தபாலில் போட. நான் எடுத்துப் படித்துவிட்டேன். அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், அண்ணா. தப்பே செய்யாத அம்மா கேட்டிருக்கிறார்கள்.

நீயும் அங்கே, அம்மாதான் கோபத்தில் கட் செய்தார்கள் என்று நினைத்திருப்பாய். அம்மா இல்லை, நான்தான். இதை அந்தக் கவருக்குள் மறைத்து அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இது உனக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். நீ கூப்பிடாமல் இருந்துவிட்டால் அம்மா இன்னொரு நாள் முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது. நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் இதை மடித்து அம்மா கடிதத்துக்கு மேலேயே வைக்கிறேன், கவரை ஒட்டவில்லை. காலையில் அம்மா ஒட்ட எடுப்பார்கள். இது உன் கைக்கு வந்தால் அம்மா படித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்.

அம்மாவின் ஆசீர்வாதம் அவர்கள் கடிதத்தில் இருக்கிறது, சின்னவள் என்னிடம் இருப்பது ஜெபம் மட்டும்தான். இது கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. போன் அம்மா கையில் இருக்கும்.

உன் தங்கை,
லிசி

அம்மா, அண்ணன் கூப்பிட்ட நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது. போனிலிருந்துதான் அழித்தேன், எனக்கு மறக்கவில்லை. படித்ததும் என்னை எழுப்புங்க. நான் தூங்கியிருக்க மாட்டேன்.