திங்கட்கிழமை வரும் மூன்றாவது ஆள்

இராயபுரம்,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் ஜெரிக்கு அம்மா ஆலிஸ் எழுதுவது. மாதா உன்னையும் உன் கூட்டாளி கருணாகரனையும் காப்பாளாக. இங்கே நாங்கள் மூவரும் சுகம்.

வாராவாரம் திங்கட்கிழமை வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் சொன்னால் அவன் காதிலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. காசிமேட்டில் உட்கார்ந்து வலை கிழிசல் பார்க்கிறார், கடலுக்குப் போவதில்லை. கரோலினுக்கு மீஞ்சூர் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஓடுகிற ரயிலில் ஏறுகிறாள், சொன்னால் கேட்பதில்லை, உன் தங்கை அல்லவா. நீ மார்மன் சபை ஊழியத்துக்கு ஐதராபாத் போனதைப் பற்றிப் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அந்தச் சபையில் டீ, காபி கூடாதாமே, அது இல்லாமல் உன் பிள்ளை எப்படி உயிரோடு இருக்கிறான் என்று தினமும் கேட்கிறாள்.

இனி அந்தப் பட்டியல். நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் கேட்டாய். உங்கள் ஆலயத்தில் அவர்களுக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் வாங்குவார் என்றாய். தாத்தா, பாட்டி விவரமெல்லாம் கரோலின் அனுப்பிவிட்டாள். ஜார்ஜுக்கு மட்டும் பெற்றவள் சம்மதம் வேண்டுமாம். உன் அண்ணன் கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. படகு எண்ணூர் முகத்துவாரத்தில் ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலில் அப்பா வருடாவருடம் அவன் பெயரை எழுதுவார், நான் அடித்துவிடுவேன். உடம்பைப் பார்க்காமல் எந்தத் தாய் தேதி எழுதுவாள்? அந்தக் கோபத்தில்தான் அன்று பாதியில் போனை வைத்தேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நீ பேசும்போது உன் அறை வாசலில், இருட்டில், ஒருவன் நின்றான். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கருணாகரன் உன் பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் இருவர் இருவராகத்தான் தங்குவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் யாரோ புதிதாக வந்திருக்கிறார் என்று நினைத்து, அந்தத் தம்பியைத் தலை துவட்டச் சொல், சளி பிடிக்கும் என்றேன். நீ கருணாகரனைப் பார்த்துச் சிரித்தாய். அவன் தலை காய்ந்துதான் இருந்தது.

மறுவாரம் அவன் அறைக்குள் நின்றான். அதற்கு மறுவாரம் உன் நாற்காலிக்குப் பின்னால். அங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நான் கேட்டது அதற்காகத்தான். இரண்டே பேர் என்றாய். கரோலினுக்கு ஒன்றும் தெரியவில்லை, என்னைக் கண்ணாடி மாற்றச் சொன்னாள். அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். போனை வைத்ததும், "ஆலிசு, பாக்கெட்டப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். நீலச் சட்டை. பாக்கெட் கிழிந்திருந்தது, நீல நூல் இல்லையென்று சிவப்பு நூலில் நான் தைத்துக் கொடுத்தது. "இன்னாமா இது, மெடல் குத்துனமாரி கீது" என்று என்னைக் கேலி செய்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டுதான் அன்று படகு ஏறினான்.

நேற்று முன்தினம் நீ பேசி முடிக்கும்போது அவன் கை உன் தோளில் இருந்தது. ஐதராபாத்தில் ஏதடா கடல்? ஆனால் உன் வெள்ளைச் சட்டை அந்த இடத்தில் நனைந்து ஒட்டியிருந்தது. வியர்வை என்று சொல்லாதே. மின்விசிறி ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

நீ பயப்படாதே. உன்னைத் தன் தோளில் தூக்கி வளர்த்தவன், உனக்கு ஒரு கெடுதலும் நினைக்க மாட்டான். எனக்குத்தான் பயம். நான் பிடித்து வைத்திருப்பதால் கரையேறவும் முடியாமல், போகவும் முடியாமல் நிற்கிறானோ? என்னிடம் கேட்டால் மறுப்பேன் என்று உன்னிடம் வந்திருக்கிறானோ? இது எந்தச் சபை போதனை என்று எனக்குத் தெரியாது. பாமரச்சி நான், மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

இந்தக் கவரில் இன்னொரு தாள் இருக்கிறது. அவன் பெயர், பிறந்த தேதி, அந்தத் தேதி. என் கையெழுத்து கோணலாக இருக்கும், பார்த்துக்கொள். கீழே அப்பாவும் போட்டிருக்கிறார்.

ஆனால் வரும் திங்கட்கிழமை நாம் பேசி முடிக்கும்வரை அதை யாரிடமும் கொடுத்துவிடாதே. இத்தனை வாரமாக அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. முதலில் இருட்டு மறைத்தது, இப்போது உன் தலை மறைக்கிறது.

ஆண்டவர் உன் காலடியைக் காப்பார். வேளைக்குச் சாப்பிடு. திங்கட்கிழமை பேசும்போது கொஞ்சம் தள்ளி உட்கார், கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா