மண்ணோடு வந்த காளான்கள்

செப்டம்பர் 3, புதன்

மன்னித்துக்கொள், நோட்டே. இந்நேரத்துக்கு உன்னைத் தொந்தரவு செய்கிறேன். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள்.

மாடியில் இருக்கும் நாத்தனார் இன்றும் ஏரிக்கரைத் தோப்பிலிருந்து காளான் கொண்டுவந்தாள். செய்தித்தாளில் சுற்றி, மண்ணும் சருகும் உதிர உதிர. பெரிய வேதியியல் டீச்சர். ஒரு கத்தி கொண்டுபோய் நறுக்கென்று வெட்டிவரத் தெரியாதா? எந்த இடம் அண்ணி என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று சிரிக்கிறாள். காளானுக்குப் போய் எதற்கு இத்தனை மர்மம்?

கொடுத்ததைக் குப்பையில் போட்டு, மேலே பழைய பேப்பரை வைத்து மூடினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று பாப்பாவுக்கு அந்தக் காளானை ஊட்டியிருக்கிறாள்! இரண்டு வயதுக் குழந்தைக்கு! கேட்டால், "நானும்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே, உன் பொண்ணுக்கு மட்டும் ஆயிடுமா?" ராத்திரி முழுக்கப் பாப்பாவின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது வேறு எரிச்சல்.

இவரிடம் சொன்னால், "அக்கா எத்தனை வருஷமா பறிக்கிறா. நீ சும்மா இரேன்," என்கிறார். சும்மா எப்படி இருப்பது? நானே கற்றுக்கொள்கிறேன். நூலகத்தில் படம் போட்ட புத்தகம் எடுத்தாயிற்று.

செப்டம்பர் 10, புதன்

குடை, மடிப்பு, மோதிரம். காம்பைச் சுற்றிப் பாவாடை மாதிரி இருப்பதுதான் மோதிரம். தூக்கத்திலும் இதே ஜபம்.

காலையில் தோப்பில் நாத்தனார். என்னைக் கண்டதும் பேச்சுக் கொடுத்து, வந்த வழியே திருப்பிக் கூட்டிவந்துவிட்டாள். அந்தப் பக்கம் என்ன வைத்திருக்கிறாள்?

செப்டம்பர் 13, சனி

அந்தப் பக்கமே போய்ப் பறித்தேன்! வெள்ளை வெளேரென்று, விரியாத மொட்டுகள். மண் படாமல் கத்தரிக்கோலால் வெட்டினேன். படத்தோடு மறுபடி மறுபடி ஒத்துப் பார்த்தேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தங்கை அசந்துபோனாள். "கடையில வாங்கின மாதிரி இருக்கேக்கா!" பாதியை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். நாளை மதியம் பஸ் ஏறுகிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாயங்காலம் மீதியைக் கழுவும்போது அண்ணி எட்டிப் பார்த்தார்.

"அடி எங்க?"

"எந்த அடி?"

"மண்ணுக்குள்ள இருக்குமே, அது. அத விட்டுட்டு வந்தா எதப் பாத்து சொல்றது?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் என்னைத் தோப்புக்கு இழுத்துப் போனார். நான் வெட்டிய இடத்தில் விரலால் மண்ணைக் கிளறினார். காம்பின் அடியில், உடைந்த முட்டை ஓடு போல ஒரு வெள்ளை உறை.

"விஷம்மா இது. இதப் பாக்கத்தான் நான் மண்ணோட தோண்டி எடுக்கறது. இடத்தச் சொன்னா நீ குழந்தையத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பேன்னுதான் சொல்லல."

வேகவைத்தாலும் போகாதாம். தின்றதும் தெரியாதாம், பல மணி நேரம் கழித்துத்தான்.

தங்கையின் போன் அணைந்து கிடக்கிறது. அவள் வீட்டுக்காரர் எடுக்கவில்லை. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போய்ச் சேர நேரமாகும். அண்ணி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு நம்பரை அழுத்திக்கொண்டே இருக்கிறார். குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. திட்டினாலாவது தேவலை.

அவர்கள் இருவருக்கும் போனில் அனுப்பியதை இங்கேயும் எழுதுகிறேன், கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது:

"அந்தக் காளானத் தொடாதீங்க. சமைச்சிருந்தா கொட்டிடுங்க. ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும், உடம்பு நல்லா இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாத்ததும் பதில் போடுங்க. சீக்கிரம் போடுங்க."