ஒரு சுற்றுப் பெரிய சட்டை

அண்ணே,

காலரில் ஒட்டிய சந்தனம் போகவே மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், வெந்நீரில் ஊறவைத்தேன். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சந்தன வாசனைக்கு அடியில் இன்னும் பாச்சா உருண்டை வாசனை இருந்தது. ஒரு வருடம் பீரோவுக்குள் கிடந்த சட்டை அல்லவா. உன் மருமகனின் முதல் பிறந்தநாளுக்கு நீ வாங்கி வந்த அதே பட்டுச் சட்டைதான். அதை அவன் இரண்டாவது பிறந்தநாளுக்குத்தான் போட்டான், போன ஞாயிற்றுக்கிழமை. கச்சிதமாக இருந்தது அண்ணே. அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அதைப் பார்க்க நீ இல்லையே என்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த முதல் பிறந்தநாள் நினைவிருக்கிறதா? எல்லோரும் வந்தாயிற்று. கேக்கில் மெழுகுவத்தி நட்டாயிற்று. பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்க ஆரம்பித்த பிறகுதான் தெருமுனையில் உன் குட்டியானை வண்டியின் ஹாரன் கேட்டது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாய். உடம்பெல்லாம் வெங்காய வாசனை. அண்ணி பின்னாலேயே, "மேலு கழுவிட்டுப் போலாமுன்னு சொன்னேன், கேக்கலீங்க அம்மிணி" என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டே வந்தார். நீ யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பிரித்துச் சட்டையை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டினாய். அது கணுக்கால் வரை வந்தது. கை இரண்டும் உள்ளே போய்த் தொலைந்துவிட்டன. சட்டை விளிம்பு தடுக்கி அவன் பொத்தென்று உட்கார்ந்தபோது வீடே சிரித்தது.

எனக்குத்தான் எரிச்சல். "இது சட்டையாண்ணே, பந்தலா? கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினேன்.

நீ அசரவில்லை. "வளர்ற புள்ளைக்கு யாராச்சும் அளவெடுத்து வாங்குவாங்களாடி? அடுத்த வருசம் பாரு."

உன் புத்தி எனக்குத் தெரியாததா? நான் பத்தாவது படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என் யூனிபார்மை நீதான் வாங்கினாய். அதுவும் ஒரு சுற்றுப் பெரிது. பாவாடையை உள்ளே மடித்துத் தைத்து, செருப்பின் நுனியில் பேப்பரைத் திணித்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் கேலி செய்தார்கள். என் கல்யாண ரவிக்கைக்கும் நீதான் டெய்லரிடம் "கொஞ்சம் தாராளமா தைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். தாலி கட்டும் நேரத்தில் என் முதுகில் ஊக்குகள் குத்திக்கொண்டிருந்தன. வளர்கிற வயதா அது? இருந்தாலும் உன் கண்ணுக்கு நான் எப்போதும் இன்னும் கொஞ்சம் வளரப் போகிறவளாகத்தான் இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

அந்தப் பிறந்தநாளுக்கு முன்பே அவனுக்கு முதல் மொட்டை போட்டிருக்க வேண்டும். நாள் குறித்த பிறகு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. இனி ஒற்றைப்படை வயதில்தான், இரண்டு முடிந்து மூன்று தொடங்கும்போது போடலாம் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். மொட்டையின்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும் என்பதால் நீதான் ரொம்ப ஏமாந்து போவாய் என்று நினைத்தேன். நீயோ கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, என் மடி எங்க போயிரப் போகுது?" என்றாய்.

போய்விட்டதே அண்ணே.

அதற்கப்புறம் வந்த ஆடியில், மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவே இல்லை. அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன். எனக்குத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச மாதம் அண்ணி இங்கேதான் இருந்தார். பிறகு அவருடைய தம்பி வந்து ஆயக்குடிக்குக் கூட்டிப் போனார். உங்கள் வீட்டைக் காலி செய்தாயிற்று. வண்டியையும் விற்றாயிற்று. உங்களுக்கு ஒரு பிள்ளை இல்லை என்ற குறையை நீங்கள் இரண்டு பேரும் என் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். இப்போது அந்தச் செருப்புகளும் இல்லை. அப்பா அம்மா போனபோதுகூட எனக்குப் பிறந்த வீடு போகவில்லை. நீ இருந்தாய். நீ போனதும்தான், இனி ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் என்றால் நான் போய் நிற்க எனக்கென்று ஒரு வாசல் இல்லையே என்று உறைத்தது.

பிறந்தநாள் நெருங்கியபோது மொட்டைப் பேச்சு வந்தது. தாய்மாமன் ஸ்தானத்தில் பெரியப்பா மகன், நம் சின்னாளபட்டி அண்ணன் உட்காரட்டும் என்று மாமியாரும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிட்டார்கள். அவர் நல்ல மனுஷர்தான். கேட்டதுமே பட்டு வேட்டி எடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "அண்ணன் இல்லைன்னா அண்ணி இருக்காங்கல்ல? அவங்க மடியில உட்காரட்டும்" என்றேன்.

என் மாமியார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "ஆகாதுத்தா. சாமி காரியம். தாலி இழந்த புள்ளைய நடுவுல உட்கார வச்சு, பச்சப்புள்ளைக்கு ஒண்ணுன்னா நம்ம தாங்குவமா?"

"அவங்க மடியில வளந்த புள்ளை அத்தை அவன்."

"வளக்குறது வேற, இது வேற."

நான் விடுவேனா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயக்குடிக்குப் போகப் பழனி பஸ் ஏறிவிட்டேன். ஒட்டன்சத்திரம் வந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். உன் மருமகன் அதற்கு விடவில்லை. ரோட்டில் போன குட்டியானை ஒவ்வொன்றையும் காட்டி, "மாமா வண்டி, மாமா வண்டி" என்று ஊரைக் கூட்டினான். பக்கத்து சீட்டு அம்மா, "மாமா அம்புட்டு வண்டி வச்சிருக்காரா?" என்று சிரித்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

அண்ணி கொய்யாத் தோப்பில் இருந்தார். தம்பிக்கு உதவியாகக் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். பிள்ளையைக் கண்டதும் கூடையைத் தள்ளிவிட்டு, "வாங்க சாமி, வாங்க என்ற கண்ணு" என்று ஓடி வந்தார். நாத்தனாருக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே மரியாதை கொடுக்கிற ஆள் உலகத்திலேயே இவள்தான் என்று நீ கேலி செய்வாயே, அந்த 'ங்க' இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு பழத்தைப் பிளந்து, விதையை எடுத்துவிட்டு அவனுக்கு ஊட்டினார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது.

"அதெல்லாம் வேண்டாமுங்க அம்மிணி. நா வந்து உக்காந்து, நாளைக்கிப் புள்ளைக்கி ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னையத்தான் நினைப்பாங்க. ஏன், நானே அப்பிடித்தான் நினைப்பேன்."

"அப்ப நான் உங்களுக்கு யாரு அண்ணி? அண்ணன் போனதோட அத்துக்கிச்சா?"

அழுதுகொண்டேதான் கேட்டேன். அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கோயிலுக்கு வருவதற்கு மட்டும் சம்மதித்தார். "ஓரமா நின்னு பாத்துக்கறேனுங்க. அது போதும்" என்றார். எனக்குப் போதாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பிள்ளைக்கு அடுத்த பழத்தைப் பிளந்துவிட்டார்.

பிறந்தநாளான ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கொடைரோடு பக்கத்தில் இருக்கும் என் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். நல்ல வெயில். சின்னாளபட்டி அண்ணன் பட்டு வேட்டி சரசரக்கப் பலகையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினார். அண்ணி சொன்னபடியே தூரத்தில் வேப்பமரத்தடியில், ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முடியெடுப்பவர் தலையை நனைத்ததுதான் தாமதம், உன் மருமகன் போட்ட கூச்சல் கொடைரோடு ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும். உடம்பை விறைத்துக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கினான். அவன் அப்பா காலைப் பிடித்தார். நான் கையைப் பிடித்தேன். கிலுகிலுப்பை ஆட்டினார்கள், செல்போனில் பாட்டுப் போட்டார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. முடியெடுப்பவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்புடி அசைஞ்சா நான் வைக்க மாட்டேம்மா. பட்டுச்சுன்னா பாவம்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வேப்பமரத்தடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏலே அப்பு, மாடு வருது! பிரேஏஏக்கு!"

உன் விளையாட்டு அண்ணே. அவனை வண்டி ஸ்டியரிங் முன்னால் மடியில் வைத்துக்கொண்டு, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று நின்ற இடத்திலேயே ஊர் ஊராக ஓட்டிப் போய், திடீரென்று மாடு வருகிறது என்று கத்துவாய். "பிரேக்கு" என்றதும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாகிவிடுவீர்கள். அந்தச் செத்த நேரத்துக்குள் அவன் மூக்கைத் துடைத்து நகமும் வெட்டிவிடுவாய், கள்ளன். நீ போன பிறகு நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு ஓடிவிடுவான். அந்த இழுவை எனக்கு வராது. அண்ணிக்கு வந்தது. நம்மூர்ப் பேச்சே வராத அண்ணி, உன் 'ஏலே'யை உன் மாதிரியே சொன்னார். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பிள்ளை அப்படியே சிலையாகிவிட்டான். கன்னத்தில் பாதி வழியில் கண்ணீர், வாய் திறந்தபடி, மூச்சுக்கூட விடவில்லை. முடியெடுப்பவர் கெட்டிக்காரர். சட்டென்று இரண்டு இழுப்பு இழுத்துவிட்டார். மறுபடி அவன் நெளிய, மறுபடி மரத்தடியிலிருந்து பிரேக்கு. அண்ணி ஓரடிகூட முன்னால் வரவில்லை. அங்கிருந்தபடியே கோழி, ஆடு, டவுன் பஸ் என்று எல்லாவற்றையும் குறுக்கே விட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறிக்கொண்டது.

என் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பேரனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு சத்தமாக, "ஏத்தா, எம்புட்டு நேரம் அங்கனயே நின்னு பிரேக்கு போடுவ? தொண்ட வத்திப் போகும். இங்கிட்டு வந்து உக்காரு!" என்றார்.

அண்ணி அசையவில்லை. "வேண்டாமுங்க பெரியம்மா" என்றார்.

"நான்தான் சொல்றேன்ல. வாத்தா."

சின்னாளபட்டி அண்ணன் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்துப் பலகையில் விரித்து, "வாங்க மதினி. நான் சும்மா எடம் புடிச்சு வச்சிருந்தேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அண்ணி வந்து உட்கார்ந்தார். உன் மருமகன் அவர் மடியில் சாய்ந்து, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமா வண்டி" என்றான். மீதி முடி முழுவதும் ரெட்டியார்சத்திரத்துக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில் இறங்கியது.

மொட்டைத் தலையில் சந்தனம் அப்பி, பீரோவிலிருந்து எடுத்து வந்த உன் சட்டையைப் போட்டுவிட்டோம். அந்தச் சந்தனம்தான் காலரில் இருக்கிறது.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். பேரனின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "ஒங்க மாமா போனதுக்கப்புறம் நடந்த எம்மக கல்யாணத்தப்ப நான் அடுப்படியிலதான் நின்னேன். மேளச் சத்தத்தை வச்சுத் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். என்னைய ஒருத்தரும் கூப்புடல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தப் பையை அண்ணி வீட்டுக்கு வந்த பிறகுதான் திறந்தார். தாய்மாமன் வீட்டுச் சீர். யார் கையிலாவது கொடுத்து என்னிடம் சேர்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் கொண்டு வந்தாராம். கொய்யாப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, அதற்கு அடியில் ஒரு சட்டை. பச்சைக் கலரில் கட்டம் போட்டது. பிள்ளை மேல் வைத்துப் பார்த்தேன். முட்டிக்குக் கீழே தொங்கியது.

"என்ன அண்ணி இது?" என்றேன்.

"இருக்கட்டுமுங்க அம்மிணி. வளர்ற புள்ள" என்றார் அண்ணி. சொன்ன பிறகுதான் யார் பேச்சைப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் உன் மருமகன் பயந்து, "பிரேக்கு, பிரேக்கு" என்று எங்களைப் பார்த்துக் கத்தினான்.

அந்தப் பச்சைச் சட்டையைப் பாச்சா உருண்டை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். உன் சட்டையைச் சந்தனத்தோடேயே மடித்து அதன் பக்கத்தில் வைக்கப் போகிறேன். வருகிற பொங்கலுக்கு நானும் பிள்ளையும் ஆயக்குடிக்குப் போகிறோம். என் வீட்டுக்காரர் எங்கே போகிறாய் என்று கேட்டபோது, யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

பொறந்த வீட்டுக்கு என்றேன், அண்ணே.