பூசணிக்கு வேட்டன் பெயர் வழங்கியது பற்றி மேல்கரை வேந்தர் விடுத்த ஓலை

நலம் நிலைக்க. கடம்பாற்றின் மேல்கரை முழுதாளும் வேந்தர், ஏழு கோட்டைக் காவலர், பரிதிகோ ஆகிய யாம், கீழ்க்கரை ஆளும் எம் இளவல் வேட்டனுக்கு விடுக்கும் ஓலை. உன் ஏரிகள் நிரம்புக. உன் குடி தழைக்க. உன் மனையாள் மஞ்சள் குங்குமத்தோடு நெடிது வாழ்க. இதுவரை மனமார வாழ்த்தினோம். இனி மனமெரிந்து எழுதுகிறோம்.

சென்ற ஈராண்டும் வானம் பொய்த்தபோது நீ ஆற்றுமணல் வழியே வண்டி வண்டியாகப் பூசணிக்காய் அனுப்பினாய். எம் குடிகள் உண்டு பிழைத்தனர், அதை மறுக்கவில்லை. ஆயின் உண்ட வாய் சும்மா இருந்ததா? பாட்டன் பூட்டன் பூசணி என்ற காயை வேட்டங்காய் என்கிறது. சந்தையில் கூவுவது வேட்டங்காய், சம்பந்தி வீட்டுக்குச் சீராகச் செல்வது வேட்டங்காய். பொய்யனை மடக்குகையில், முழு வேட்டங்காயைச் சோற்றில் மறைப்பாயோ என்கின்றனர். கொழுகொழுவென்ற பிள்ளையைக் கொஞ்சவும் அதே பெயர்தான். யாம் எழுப்பிய கோயில் எத்தனை, வெட்டிய குளம் எத்தனை! கல்லில் பொறித்த எம் பெயரை எவன் வாய்விட்டுப் படிக்கிறான்? உன் பெயரோ இருவேளையும் அடுப்பில் கொதிக்கிறது. தம்பி, எமக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, இக்காயை இனிப் பரிதிக்காய் என்றே வழங்குக எனத் தைத்திங்களில் பறையறைவித்தோம். அமைச்சர் கொற்றனார் வேண்டா என்றார், யாம் கேட்டோமில்லை. குடிகள் ஆணையை முற்றிலும் மீறவில்லை, அதுவே எமக்குக் கேடாயிற்று. கறிக்கு வாங்குவது வேட்டங்காயாகவே நின்றது. கண்ணேறு கழிய வாசலில் கட்டி அழுக விடுவதும், தலையைச் சுற்றி முச்சந்தியில் உடைப்பதும் பரிதிக்காய் ஆயின. பரிதியை ஓங்கிப் போடடி, நாலு திக்கும் சிதறட்டும் என்று ஒரு குயத்தி தன் மகளுக்குச் சொன்னதைப் பல்லக்கிலிருந்து எம் செவியாலேயே கேட்டோம். ஆணைப்படி அழைத்தவளை எப்படித் தண்டிப்பது?

அன்றே அரண்மனை திரும்பி உண்ண அமர்ந்தோம். பட்டத்தரசி படைத்த கூட்டு வெகு சுவை. இன்னும் சிறிது வேட்டங்காய் இடுக என்று எம் பாழும் நாவே சொல்லிவிட்டது. பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காதிருக்க அவர்கள் பட்ட பாட்டைக் கண்டோம்.

ஆதலின், மூத்தோன் என்னும் உரிமையால் ஆணையிடுகிறோம்: அடுத்த பிறை காணுமுன் உன் பெயரை மாற்றிக்கொள்க.

இவ்வரி கீறி முடிக்கையில் கொற்றனார் வந்தார். இவ்வாண்டும் மழையில்லை, கொடிகள் பூவோடு கருகின, குயச்சேரியில் மூன்று நாளாக உலை ஏறவில்லை என்றார். ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை. ஆகையால் மேலுள்ள வரியைப் படியாது விடுக. பெயரை நீயே வைத்துக்கொள். நாற்பது வண்டி அனுப்பு, விரைந்து அனுப்பு.

மேழி இலச்சினை இட்டோம். மறுவோலை வேண்டா, வண்டிகள் வரட்டும். அவற்றின்மேல் உன் பெயர் எழுதவும் வேண்டா. கரையில் காத்திருப்போர் கண்டவுடன் கூவிவிடுவர்.