ஓட்டோத் தரிப்பிடத்தில் சொன்ன பெயர்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கஸ்பாருக்கு,

நான் நலம். நீங்களும் ரீத்தாவும் அத்தையும் நலமா? பிள்ளையின் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வெந்நீர் கொடுத்துவிடுங்கள்.

புதன்கிழமை போனில் நீங்கள் சொன்னதற்கு இது பதில். ஒருவன் தொந்தரவு தருகிறான் என்று நான் பாதி சொல்லும்போதே, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வா என்றீர்கள். மீதிப் பாதியைச் சொல்ல விடவில்லை. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பஸ் நிலையத்தடியில் புள்ளிமான்கள் திரிகின்றன. மீன் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் நின்று வாழைப்பழத் தோல் தின்னும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் நடந்தால் பார்க்கிறார்கள். படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை கற்றுக்கொடுக்க இந்தியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்பது முதல் வாரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடையில் பருப்புக் கேட்டால் சினிமாவில் பேசுவதுபோல் இருக்கிறதாம். இன்னொரு தரம் கேட்கச் சொல்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, ஏன் தனியாக, புருஷன் எங்கே. இதற்கெல்லாம் பழகிவிட்டேன். நம் தெருவுக்கு ஒரு வெள்ளைக்காரி வந்தபோது நீங்களே அவள் பின்னால் மாதா கோயில் வரை போனவர்தானே.

பழக முடியாதவன் ஒருவன்தான். பட்டறை வாசலில் ஓட்டோ ஓட்டுபவன். பெயரை எழுத விருப்பமில்லை. போனுக்கு ரீலோட் போட ஒரு கடையில் என் நம்பரைச் சொன்னேன், பக்கத்தில் நின்ற இவன் கேட்டு வைத்துக்கொண்டான். அன்று முதல் நேரம் கெட்ட நேரத்தில் அழைப்புகள். மாலையில் நான் நடந்தால் ஓட்டோவை என் நடைக்கு ஏற்ப உருட்டிக்கொண்டு வருவான், ஏறச் சொல்வான். நான் ஏறியதில்லை.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார சுலோஜனா அக்கா நல்லது நினைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்க ஆளில்லாத அயல்நாட்டுக்காரி என்றுதானே ஆடுகிறான், எங்கட ஆள் என்று தெரிந்தால் அடங்குவான் என்றார். என்னைக் கேட்காமலே, நான் அவருடைய கந்தளாய் மாமாவின் மகள், சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குப் போய் வளர்ந்தவள் என்று வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். புருஷன் எங்கே என்ற கேள்வி வரக்கூடாது என்று, கல்யாணமாகவில்லை என்பதையும் சேர்த்துவிட்டார்.

இந்த ஊர்க்காரரே இந்த ஊரை மறந்து செய்த பிழை அது. இங்கே ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் அதோடு விடமாட்டார்கள். எந்தப் பக்கம், யாருடைய பிள்ளை, தாய் எங்கே பிறந்தவர் என்று பிடித்துக்கொண்டே போய் ஏதாவதொரு சொந்தத்தில்தான் நிற்பார்கள். நாலாம் வீட்டு சிவகுருநாதன் மாஸ்டர் கந்தளாயில் படிப்பித்தவர். "குளத்தடியோ பிள்ளை, இல்லாட்டி சீனித் தொழிற்சாலைப் பக்கமோ?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணி போடுவதாகக் குசினிக்குள் போய்விட்டார். குளத்தடி என்றேன். அடுத்த வாரம் மாஸ்டர் தன் பெறாமகனுக்கு, அதுதான் தம்பி மகனுக்கு, என் சாதகம் கேட்டு வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மூதூரில் மாப்பிள்ளைக்குச் சொந்த வயல் இருக்கிறதாம்.

இதற்கு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஓட்டோக்காரனும் அந்தக் கதையைக் கேட்டான். வெளிநாட்டுக்காரி, பாஸ்போர்ட், போலீஸ் என்று அவனுக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. கல்யாணமாகாத ஊர்ப்பெண் என்றதும் அதுவும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வீட்டு கேற்றைத் தட்டி, பெண் கேட்க யாருக்கும் உரிமை உண்டு என்று அக்காவிடம் சொன்னான். நான் போனில் அழுதது அதற்கு மறுநாள்.

வியாழன் காலை நான் ஓட்டோத் தரிப்பிடத்துக்கே போனேன். எல்லோரும் இருந்தார்கள், அவனும் இருந்தான். அங்கே தலைவர் கிண்ணியாக்காரர், ஸெய்னுதீன் நானா; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். ஓட்டோக்கள் வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பவருக்குத்தான் அடுத்த ஆள். வரிசையை உடைத்துப் போய் ஆள் பிடிப்பவனை அவர்கள் மன்னிப்பதில்லை. பட்டறை ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து இதைத் தெரிந்து வைத்திருந்தேன்.

சத்தமாகவே சொன்னேன். "நான் கந்தளாய்க்காரி இல்ல நானா, தூத்துக்குடி. பேரு ஜெசிந்தா. வீட்டுக்காரர் பேரு கஸ்பார், பொண்ணு ரீத்தா. உங்க வரிசையில மூணாவதா நிக்கிறவர் தினமும் வரிசைய விட்டுட்டு என் பின்னால வர்றார். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்ல."

சொல்லிவிட்டு அவன் ஓட்டோவைக் கைகாட்டினேன்.

அவன் பகிடிக்கு, சும்மா விளையாட்டுக்குச் செய்தது என்றான். நானா அவனிடம், "தங்கச்சி உன்னக் கூப்பிட்டவவா?" என்று மட்டும் கேட்டார். அவன் குனிந்து ஓட்டோச் சாவியைத் தடவினான். "அப்ப உன்ட ஓட்டோ இனி இஞ்ச நிற்க ஏலாது. வேற இடம் பாரு." பின்னாலிருந்து யாரோ, இவன் மானுக்கும் ஹோர்ன் அடிக்கிறவன்தானே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் நம்பரைத் தடுத்துவிட்டேன். மறுபடி வந்தால் நேராகப் போலீஸ்தான். சுலோஜனா அக்கா கூட வருவார், இந்த முறை உண்மையை மட்டும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மாஸ்டருக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். கட்டின பிள்ளை எண்டு முதலே சொல்லியிருக்கலாமே என்றார். நியாயம்தான்.

ஆகவே நான் கிளம்பி வரவில்லை. ஒப்பந்தம் டிசம்பர் வரை இருக்கிறது. என்னிடம் வேலை பழகும் பெண்கள் இப்போதுதான் ஒரு வள்ளத்தின் அடிப்பாகத்தைக் குமிழி இல்லாமல் ஒட்டியிருக்கிறார்கள். அதை விட்டு வர எனக்கு மனமில்லை.

இப்போது இன்னொரு தொந்தரவு. தரிப்பிடத்தைத் தாண்டும்போதெல்லாம், "கஸ்பார் அண்ணன் எப்ப வாறார்?" என்று யாராவது கேட்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது. அங்கிருந்து பஸ் பிடித்தால் இங்கே இறங்கலாம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். மான்களைப் பார்த்துக்கொண்டு வாய் பிளந்து நிற்காதீர்கள், வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும். தரிப்பிடத்தில் உங்கள் பெயரைச் சொன்னால் போதும், முன்னால் நிற்கிற ஓட்டோ என் வாசலில் கொண்டுவந்து விடும்.

பனிமய மாதா உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். உங்கள் பெயரை இந்த ஊரில் அத்தனை பேர் நடுவே உரக்கச் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள்
ஜெசிந்தா