ஒடிந்த காலும் மூன்று பாய்மரமும்

சிவமயம்

தென்காசி
22-8-1961

சிரஞ்சீவி பால்வண்ணநாதனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், கிளாஸ்கோவில் உன் சுகத்துக்கு காசிவிசுவநாதர் துணை. இந்த வரியை நீ தாராளமாக நம்பலாம். போன இரண்டு கடிதங்களிலும் இதே வரியை எழுதினேன், அப்போது எழுதியது பொய். அம்மா ஏன் கடைசியில் நாலு வரி எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். கண்வலி என்று சொன்னேன், அதுவும் பொய். பொய்யை நீங்களே எழுதுங்கள், என் கையெழுத்தில் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். நடந்தது என்னவென்றால், ஆனி முதல் வாரத்தில் சாரல் நன்றாக இருக்கிறது என்று குற்றாலத்துக்குப் போயிருந்தோம். உன் அம்மா பேரருவியில் வழுக்குப் பாறை மேலெல்லாம் பத்திரமாக ஏறி இறங்கிக் குளித்துவிட்டு, தலை துவட்டி, குங்குமம் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, கடைவீதியில் யாரோ தின்று போட்ட மங்குஸ்தான் தோலில் கால் வைத்து விழுந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பயப்படாதே, மேலே படி.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து எலும்பு வைத்தியர் இசக்கியப்பனை வரவழைத்தேன். அவர் முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்துக் கட்டுவதுதான் வழக்கம் என்றார். சைவ வீட்டில் முட்டை வாசல்படி ஏறக்கூடாது என்று உன் அம்மா வலியோடு வலியாகச் சொன்னாள். கடைசியில் உளுந்த மாவைக் குழைத்துப் பூசி, அவருடைய தகப்பனார் காலத்து மூங்கில் பத்தைகள் எட்டைச் சுற்றிலும் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். எண்ணெய் குடித்துக் குடித்துச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்ட பத்தைகள் அவை. நாற்பத்தைந்து நாள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று உத்தரவு. அன்றிலிருந்து சமையல் என் பொறுப்பு. முதல் நாள் குழம்பை வாயில் வைத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

படுத்தே கிடந்து ஒரே வாரத்தில் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். அடுப்பங்கரையில் நான் எந்த டப்பாவைத் திறக்கிறேன் என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து அங்கிருந்தபடி திருத்தினாள். அவள் கவனத்தைத் திருப்ப வேண்டுமே என்றுதான், ரிட்டையர் ஆனதற்கு நீ எனக்கு அனுப்பிய, மரத் துண்டுகளைக் கோத்துச் செய்கிற மூன்று பாய்மரப் பொம்மைக் கப்பல் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கப்பலை ஆரம்பித்துவிட்டேன், நன்றாக வருகிறது என்று சித்திரையில் உனக்கு எழுதினேன் அல்லவா. நான் ஆரம்பித்தது நிஜம். மூன்றாம் நாள், பாய்களைத் தொங்கவிடுகிற, பித்தளை ஆணி அடித்த குறுக்குக் கம்புகள் பதினொன்றில் ஆறு என் கையில் முறிந்துவிட்டன. அவற்றை யாருக்கும் தெரியாமல் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் எண்ணிப் பார்த்து மிச்சக் கம்புகள் எங்கே என்று கேட்டபோது, கம்பெனிக்காரன் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இதனால் வந்த வினையைக் கேள். 

வரைபடம் இங்கிலீஷில் இருந்ததால் நான் அகராதியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கிற கயிறுகளுக்கு ஷ்ரவுட் என்று பெயர் போட்டிருந்தது. அகராதியில் பார்த்தால், பிணத்தின்மேல் போர்த்தும் துணி. அந்தக் கயிறு கோக்கிற மூன்று ஓட்டை மரவில்லைக்கு டெட் ஐ. செத்த கண் என்று உரக்க வாசித்தேன். காலொடிஞ்சு கெடக்கவ தலைமாட்டுல உக்காந்து வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன வாசிக்கிய என்று அவள் அகராதியைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு படத்தை மட்டும் பார்த்து வேலை செய்தாள். கயிறுகளுக்குச் சொந்தக்காரர்கள் பெயரை வைத்தாள். கையை எடுத்தவுடனே தொய்ந்துபோகிற ஒரு கயிறு உன் தாணு சித்தப்பா. காலைப் பார்க்க வந்த தாணு, உள்ளே நுழையும்போதே தாணுவ நல்லா இறுக்கிக் கட்டுனாத்தான் சரிப்படுவான் என்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாசலோடு திரும்பிப் போய்விட்டான். வாங்கி வந்த சாத்துக்குடியையும் கொண்டுபோய்விட்டான். நீ ஒரு கடிதம் போட்டு அவனைச் சமாதானப்படுத்து.

ஆனால் வேலை என்றால் அப்படி ஒரு வேலை. பூக் கட்டிப் பழகிய விரல்கள் அல்லவா, நூலைத் தேன்மெழுகில் இழுத்து, இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிச்சு விழுந்துவிடும். எதிர் வீட்டுக்காரர்கள், பின் தெரு ஜாஹிரா பீவி எல்லோரும் காலை விசாரிக்க வந்து கப்பலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது காலை விசாரிக்க மறந்துவிட்டார்கள். ஒருநாள் பார்க்கிறேன், பதினொரு குறுக்குக் கம்பும் இருக்கிறது. ஆறு மட்டும் கொஞ்சம் சந்தன நிறம். ஏது என்று கேட்டேன், கெடச்சுது என்றாள். அதற்கு மேல் கேட்டால் வெந்நீர் அடுப்பு வரைக்கும் பேச்சு போகுமே என்று நானும் விட்டுவிட்டேன். என் சவரக் கத்தி மழுங்கி முகமெல்லாம் கீறியபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நாற்பத்தைந்தாம் நாள் வைத்தியர் வந்தார். கட்டைப் பிரிக்கப் பிரிக்க அவர் முகம் மாறியது. உள்ளே அவருடைய பத்தைகள் இரண்டுதான் இருந்தன. மிச்ச இடத்தில் என் வீட்டு விளக்குமாற்று ஈர்க்குச்சிகள் கட்டுக் கட்டாக இருந்தன. இருபது நாளுக்கு முன்னாலிருந்தே, நான் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாக உருவி, என் சவரக் கத்தியால் குறுக்குக் கம்பாகச் சீவியிருக்கிறாள். வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கம்புகளை முறித்தவன் நான், மறைத்தவனும் நான். இவள் இனிமேல் நொண்டிக்கொண்டே நடந்தால் அது என்னால்தான். அங்கேயே, வைத்தியர் முன்னிலையிலேயே, அடுப்பில் போட்டதைச் சொல்லிவிட்டேன். சாம்பல்ல பித்தளை ஆணி கெடந்தப்பமே தெரியும் என்று அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

வைத்தியர் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு தடவை வந்தது போதாமல் மறுபடியும் மேலே போய் அழுத்தினார். பிறகு அவளைப் பிடித்து எழுப்பி நிற்கச் சொன்னார். நின்றாள். நடக்கச் சொன்னார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“எலும்பு நேரா கூடியிருக்கு ஆச்சி. எப்படிக் கூடிச்சுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதிய” என்றார் வைத்தியர்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். வேட்டி நுனி கப்பலின் மூக்குக் கம்பில் மாட்டியிருந்தது தெரியாது. கப்பல் மேஜையிலிருந்து குப்புற விழுந்து நடுப் பாய்மரம் படக்கென்று முறிந்தது. கால் ஒடிந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பாலு, அன்று விம்மி விம்மி அழுதாள். தன் பத்தைகளைத் திருப்பிக் கேட்க வாயெடுத்திருந்த வைத்தியர் அதைப் பார்த்துவிட்டுக் கப்பலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். எலும்பு மாதிரிதான், சாய்வா முறிஞ்சிருக்கு, கூடிரும் என்றார். ஆனால் இதற்கு உளுந்து பிடிக்காது, முட்டைதான் வேண்டும், இந்தக் கப்பல் சைவமா என்று கேட்டார். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

“சீமைக் கப்பல்தானே. வையுங்க” என்றாள்.

ஜாஹிரா பீவி கொல்லைச் சுவருக்கு மேலாக ஒரு முட்டையை நீட்டினாள். வைத்தியர் வெள்ளைக்கருவில் துணியை நனைத்து, அவருடைய மிச்சமிருந்த இரண்டு பத்தைகளையும் வைத்துப் பாய்மரத்துக்குக் கட்டுப் போட்டார். நாற்பத்தைந்து நாள் அசைக்கக்கூடாது என்றார். இப்போது கட்டிலில் கப்பல் படுத்திருக்கிறது. உன் அம்மா தெருமுனை வரை நடக்கிறாள், ஆனால் நோயாளியைத் தனியாக விட முடியாது என்று அடுப்பங்கரைக்கு மட்டும் வருவதில்லை. சமையல் இன்னும் நான்தான். நேற்று ரசம் பரவாயில்லை என்று சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை, கப்பலின் பின்பக்கத்தில் பெயர் எழுத உட்கார்ந்தாள். எனக்கு வந்த பரிசு ஆயிற்றே, முத்துக்குமாரசாமி என்று எழுதினால் இடம் கொள்ளுமா என்று அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்து பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. முடித்த பிறகு போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டில் குழல்வாய்மொழி என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள். குற்றாலத்து அம்பாள் பெயரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டேன்.

“அது அம்பாள் இல்ல. நாந்தான்” என்றாள்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்தப் பெயரை நான் ரேஷன் கார்டில் எழுதியதோடு சரி. கூப்பிடுவதற்கு இந்தா என்பதே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அன்று ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பழக வேண்டும்.

குளிரில் காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. சகல சௌபாக்கியங்களும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். முக்கியமான ஒன்று, பதில் எழுதும்போது உறையில் என் பெயரைப் போடாதே. ஸ்ரீமதி குழல்வாய்மொழி அம்மாள் என்று முழுசாக எழுது, தபால்காரர் தெருவில் நின்று சத்தமாக வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
மேற்படியாளின் சமையற்காரனும் உன் அப்பாவுமான
வே. முத்துக்குமாரசாமி