அந்த ஜெபக் குறிப்பை எழுதியவன் நான்தான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது, அது பல வருடப் பழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தில் உண்மையல்லாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று தீர்மானித்து உட்கார்ந்திருப்பதால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அம்மாவுக்கு இடது முழங்கால் வலி குறையவில்லை, மாடிப்படியில் படிக்கு ஒரு முறை என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், ஆகவே மொத்தத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத் தொண்டைக்கட்டு ஒரு மாதம் படுத்தியெடுத்து இப்போதுதான் விட்டது. மற்றபடி களைப்பு மட்டும் இருக்கிறது, தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். பதினேழு நாளாக நீ போனை எடுக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நாள் எண்ணுவது என் சுபாவம் என்று உனக்குத் தெரியும். போன் அடித்தால் எடுப்பதா வேண்டாமா என்று நீ அப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, கடிதம் என்றால் மேசையில் கிடக்கும், மனம் வரும்போது பிரிக்கலாம், வராவிட்டால் பிரிக்காமலே இருக்கலாம். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இது மூன்றாவது தடவை, முதல் இரண்டும் பிரசங்கம் போல வந்துவிட்டதால் கிழித்துப் போட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சித்தி உனக்குச் சொன்ன கதையில் நான் அப்பாவி, சபைச் செயலாளர்தான் குற்றவாளி. அப்படி இல்லை. நீ எனக்கு எழுதியிருந்தாய், ஏழு மாதமாக ஜெபிக்க முடியவில்லை, ஆராதனைக்குப் போய் எல்லாரோடும் நிற்கிறேன், வாய் பாடுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை, கஷ்டமோ கோபமோ எதுவும் காரணம் கிடையாது, அதுதான் பயமாக இருக்கிறது, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்று. படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வேறு யார் வீட்டுப் பிள்ளை இப்படி எழுதியிருந்தாலும் அன்றே பதில் போட்டிருப்பேன். உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது எப்போதும் செய்வதையே செய்தேன், நோட்டில் எழுதினேன். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வாசிக்கிற நோட்டு உனக்குத் தெரியும், முதலில் நோயாளிகள், பிறகு வேலை தேடுகிறவர்கள், பிறகு பிரயாணம், பரீட்சை, கடைசியில் பெயர் சொல்ல விரும்பாதவர்கள். அந்தக் கடைசிப் பகுதியில், ஏழு மாதமாக ஜெபிக்க இயலாமல் தவிக்கும் தூரதேசத்து மகள் ஒருத்திக்காக என்று எழுதினேன். பெயர் போடவில்லை, ஆகவே ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த வாரம் எனக்குக் குரலே எழும்பாததால் நோட்டைச் செயலாளரிடம் கொடுத்தேன். மைக் கையில் கிடைத்தால் அவர் எப்படி என்பது உனக்குத் தெரியும், அவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்ததே நீதான். அந்த வரியை வாசித்துவிட்டு நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "அதாவது, நம்ம பாஸ்டரோட பொண்ணுக்காக. பாவம், பேரு போடக் கூச்சப்பட்டிருக்காரு, நாமதான் புரிஞ்சுக்கணும்" என்று விளக்கமும் கொடுத்தார். நான் முன்வரிசையில்தான் இருந்தேன். எழுந்து கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். கட்டியிருந்தது தொண்டை மட்டும்தான், கை கால் கட்டிக் கிடக்கவில்லை. எழுந்திருக்கவில்லை. நாற்பது பேர் கண்ணை மூடி உனக்காக ஜெபித்தார்கள், நான் கண்ணைத் திறந்து வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு உனக்கு நேர்ந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சித்தி இரண்டு முறை கூப்பிட்டாளாம், நம் சபைத் தையல்கார அம்மா தினம் ஒரு வேத வசனம் அனுப்பினாராம், யாரோ ஒருவர் உனக்கு மறைவான பாவம் ஏதும் உண்டா என்றே விசாரித்தாராம். நீ எனக்கு அனுப்பியது ஒரே வரி, "உங்ககிட்ட மட்டும்தானேப்பா சொன்னேன்." அதை அம்மாவிடம் காட்டினேன், அவள் அந்தப் புதன் கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை, ஆனாலும் அதற்குள் அவளுக்கும் நாலு பேர் சொல்லியிருந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே, "ஊர்ல உள்ளவங்க எல்லாம் உங்ககிட்ட வந்து கொட்டினாங்களே, ஒண்ணையாவது என்கிட்ட சொன்னதுண்டா? கேட்டாலும் வாய்க்குப் பூட்டு. பெத்த பிள்ளை சொன்னதுக்கு மட்டும் மைக்கா?" என்றாள். பிறகு நான்கு நாள் என்னிடம் பேச்சில்லை, வெந்நீர் வைத்திருப்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

குரல் ஓரளவு திரும்பியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேச வேண்டியிருந்தது விசுவாசத்தில் வளருதல் என்ற வரிசையில் நான்காவது செய்தி. வளருகிற விசுவாசிக்கு ஏழு அடையாளங்கள் என்று குறிப்பெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று உட்பிரிவும் போட்டு வைத்திருந்தேன். மேடையேறித் தாளைப் பார்த்தால் முதல் அடையாளமே இடைவிடாத ஜெபம். இதை வாசித்தால் எல்லாரும் உன்னைத்தான் நினைப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, என் மகள் என்னை நம்பிச் சொன்னதை நான் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டேன், ஜெபம் என்ற பெயரில் செய்ததால் தவறு சிறியதாகிவிடாது, வாசித்தவர் மேல் பழி இல்லை, எழுதியவன் நான், தயவுசெய்து இனி யாரும் அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். நான்கு நிமிடத்தில் முடிந்துபோனது, மீதி நேரத்துக்குப் பாடல்கள் பாடினோம். இதைத் தைரியம் என்று எண்ணிவிடாதே, அம்மா மூன்றாவது வரிசையிலிருந்து கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு, இந்த மன்னிப்பையும் உன்னைக் கேட்காமல்தான் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. ஒன்றைச் சரிசெய்யப் போய் அதையே இன்னொரு தரம் செய்திருக்கிறேனோ என்னவோ. வாசலில் சித்தி, "அப்ப எங்க அக்கா பொண்ணுகிட்ட நான் பேசவே கூடாதா அத்தான்?" என்று கண்ணைக் கசக்கினாள். செயலாளர், "ஒரு ஜெபக் குறிப்புக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா பாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நீ போன பிறகு சபைக்கு வந்தவர், ஞானஸ்நானம் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, என் பதிவில் அவருக்கு நேரே நல்ல வளர்ச்சி என்று எழுதியிருக்கிறேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஐயா, உங்க பொண்ணுக்கு இருக்கிற மாதிரிதான் எனக்கும். முழுகி எழுந்த அன்னிக்கு இருந்தது இப்ப இல்ல. கண்ணை மூடிட்டு நூறு வரைக்கும் எண்ணிட்டு ஆமென் சொல்றேன். உங்ககிட்ட சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் வந்தேன். சொன்னா என்னையும் நோட்டுல ஏத்திருவீங்களேன்னு திரும்பிப் போயிட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை பேர் அப்படி வந்து வந்து திரும்பினார்களோ. அவரே மேலே பேசினார். "கரண்ட் போனா லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுரும். உள்ள இருக்கிறவங்க விழுந்துருவோம்னு அலறுவாங்க. விழாது ஐயா, பிரேக் பிடிச்சிருக்கு, அதனாலதான் நிக்குது. கதவைப் பேத்துக்கிட்டுக் குதிக்கிறவங்கதான் அடிபடுவாங்க. நான் போனதும் வெளிய நின்னு ஒண்ணுதான் சொல்லுவேன், உள்ளயே இருங்க, நான் இங்கதான் இருக்கேன்னு. எனக்கும் அந்த மாதிரி ஒரு குரல் போதும் ஐயா, பாடம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அவர் படியிறங்கும் முன்பே அதைப் பிரசங்கத்துக்குக் குறித்து வைத்திருப்பேன், கை பேனாவைத் தொட்டும் விட்டது. எடுக்கவில்லை. என் மகளுக்கு மட்டும் எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க, மைக்குல மட்டும் வேண்டாம்" என்றார். பிறகு உட்கார்ந்து தேநீர் குடித்தார். அடுத்த செவ்வாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்று. நீ ஐந்தாம் வகுப்பு படித்த வருடமும் அதற்கடுத்த வருடமும் எனக்கும் உள்ளே ஒன்றும் இல்லை. ஞாயிறு தவறாமல் பிரசங்கித்தேன், நோயாளிகளைப் போய்ப் பார்த்தேன், அடக்க ஆராதனை நடத்தினேன், நீ படுக்கும்போது உன் தலையில் கை வைத்து ஜெபித்தேன், எல்லாம் காய்ந்த மரத்தைத் தட்டுவது போல இருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம், அதைவிட, கேட்கிறவர்களின் விசுவாசமும் போய்விடும் என்று பயம். நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியுமே. அந்த ரெண்டு வருஷமும் சாப்பாட்டுக்கு முன்னாடி நீங்க பண்ற ஜெபம் ரொம்ப நீளமா இருக்கும், எல்லாம் ஆறிப்போயிரும்" என்றாள். இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடமும் கேட்டுவிட்டேன். அது எப்படித் தீர்ந்தது என்று கேட்பாய், எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு நோயாளியின் கட்டிலருகில் ஜெபிக்கும்போது, சொல்கிற வார்த்தையை நானே மனமாரச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் தேதி குறிக்கிற நான் அதற்கு மட்டும் தேதி குறிக்கவில்லை. அந்த ஏழு அடையாளங்களில் வெளியே தெரிகிறதெல்லாம் அப்போது என்னிடம் இருந்தது, உள்ளே இருக்க வேண்டியது ஒன்றுமில்லை, அப்படியும் நான் கைவிடப்படவில்லை. விசுவாசம் வளர்வது நமக்குத் தெரிந்துதான் வளர வேண்டும் என்றில்லை போலிருக்கிறது. இதை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் பெரியவன் இல்லை, எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஆகையால் ஜெபம் வரவில்லையென்றால் வலிந்து வரவழைக்காதே. ஆராதனைக்குப் போக முடிந்தால் பின்வரிசையில் உட்கார், வாயை அசைக்க வேண்டியதில்லை. முடியாத வாரம் போகாதே. ஒரு போதகர் இப்படி எழுதலாமா என்று பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது, ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன். மனம் கனத்தே கிடந்தால் ஒரு டாக்டரையும் பார், அது அவிசுவாசம் ஆகாது. வேளைக்குச் சாப்பிடு. சித்தி கூப்பிட்டால் எடுக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன், அதாவது அம்மா பார்த்துக்கொள்வாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ இனி ஜெபிக்கவே மாட்டாயோ என்ற பயத்தைவிட, இனி என்னிடம் எதையுமே சொல்ல மாட்டாயோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. இது சரியான வரிசைதானா என்று தெரியவில்லை. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் எழுதினேன்.

கர்த்தர் உன்னைத் தாங்குவாராக, உன் வேலையிலும் உறக்கத்திலும் உனக்குச் சமாதானம் தருவாராக. இதை உனக்குக் கேட்கப் பிடிக்காவிட்டால் அப்பா பக்கத்தை நிரப்ப எழுதியிருக்கிறார் என்று தாண்டிப் போய்விடு, நான் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மா தன் முத்தங்களை எழுதச் சொன்னாள். ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். ஆராதனை நேரத்தில் போனை அணைத்து மேசை டிராயரில் பூட்டி வைப்பது என் வழக்கம், மற்றவர்களையும் அப்படிச் செய்யச் சொல்கிறவன் நான். போன ஞாயிறு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மேடையேறினேன், சத்தத்தைக் குறைக்கவில்லை. இனி எல்லா ஞாயிறும் அப்படித்தான். பிரசங்கத்தின் நடுவில் அடித்தாலும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். திட்டுவதற்காக நீ கூப்பிட்டாலும் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா